உருக்கு வாளும் ஒரு மாணவனின் உலையும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஐந்து மணித்துளிகள் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடிய வாளின் உருக்கு நம் தமிழகத்து உருக்கு" என்று முழங்கினேன். கைதட்டல் பலமாகவே இருந்தது. விழா முடிந்து பந்தியில் அமர்ந்திருந்தபோது, அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நண்பரின் மகன் என் அருகில் வந்தமர்ந்தான். பொறியியல் கல்லூரியில் முதலாண்டு பயில்பவன். "மாமா, அந்த உருக்கை எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. "அதெல்லாம் அந்தக் காலத்து வித்தை, தம்பி" என்று சொல்லிவிட்டு இலையிலிருந்த ரசத்தில் கவனம் செலுத்தினேன்.

அவன் அத்தோடு விடவில்லை. இரண்டு திங்கள் கழித்து அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் புகை எழும்பிற்று. தரையில் ஒரு குழி, சுற்றிலும் களிமண் பூச்சு, பழைய இரும்புக் குழாய் ஒன்று, தலைமயிர் உலர்த்தும் காற்றூதி ஒன்று, பட்டடைக்குப் பதிலாக ஒரு கனத்த இரும்புக் கட்டை. கத்தி அடிக்கப் போகிறானாம்! காலனியில் பேச்சு எழுந்தது. "படித்த வீட்டுப் பிள்ளைக்குக் கொல்லன் பட்டறை எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்டனர். அவன் தந்தையிடம் முறையிடச் சென்ற நால்வரில் நானும் ஒருவன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பையன் எங்களை எதிர்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்து மட்டும், "நீங்கள் மேடையில் கொண்டாடிய வேலை இதுதானே, மாமா?" என்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், அதன்பின் விடுமுறை நாட்களில் நூலகம் சென்று திரட்டிய செய்திகளே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சங்கப் பாடல்களில் 'எஃகு' என்னும் சொல் வேலையும் கூரிய படைக்கலத்தையும் குறித்து வருகின்றது. உருக்கிச் செய்யப்படுவதால் 'உருக்கு'. கன்னடத்தில் அது 'உக்கு'. ஆங்கிலேயர் நாவிலும் எழுத்திலும் இது 'வூட்ஸ்' என்று உருமாறியது. இப்பெயராலேயே உலக அறிவியல் நூல்கள் இன்றும் நம் நாட்டு உருக்கை அழைக்கின்றன.

ஈரோட்டு மாவட்டத்தில் சென்னிமலைக்கு அணித்தாய் நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் என்றோர் ஊர் உள்ளது. பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்குப் பெயர் பெற்ற கொடுமணம் என்று சுட்டப்படுவது இதுவே என்பர் அறிஞர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கு அகழாய்வு நடத்தியது. மணிகள் செய்த பட்டறைகளோடு இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் மேல்சிறுவளூர் என்னும் ஊரில் மூசைத் துண்டுகள் குவிந்து கிடந்த மேட்டை ஆராய்ந்து, அது உருக்கு வார்த்த இடமே என்று சாரதா சீனிவாசன் என்னும் அறிஞர் 1994-இல் எழுதினார். மூசை என்றால் பொற்கொல்லர் பொன் உருக்கும் மண்கிண்ணம் போன்றது என்று கொள்க. அதைப் போன்ற கிண்ணத்தில்தான் உலகப் புகழ் பெற்ற உருக்கும் பிறந்தது.

இனிப் பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். எப்படிச் செய்தார்கள்?

இதற்கு விடை தமிழ் ஏடுகளில் எனக்குக் கிட்டவில்லை. வெள்ளையர் எழுதிய குறிப்புகளில் கிட்டியது. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பின், கைப்பற்றிய நாட்டின் வளங்களை அறிந்துவரக் கும்பெனியார் பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவரை அனுப்பினர். 1800, 1801 ஆண்டுகளில் அவர் ஊர் ஊராகச் சுற்றிக் கண்டவற்றையெல்லாம் குறித்தார். அக்குறிப்புகள் 1807-இல் நூலாயின. சென்னை அரசின் சிவில் பணியை விட்டு விலகி இரும்புத் தொழிலில் இறங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவரும் 1839-இல் இதுபற்றி விரிவாக எழுதினார். இருவர் கூற்றையும் சேர்த்துப் பார்த்தால் செய்முறை தெளிவாகின்றது.

முதலில் கருமணற் கனியையோ பொடித்த இரும்புக் கல்லையோ கரியோடு சிறு உலையில் இட்டுத் துருத்தியால் ஊதி, பஞ்சு போன்ற இரும்புக் கட்டியை எடுப்பர். அதைச் சூட்டோடு அடித்தடித்துக் கிட்டத்தை வெளியேற்றித் தேனிரும்பாக்குவர். இது மென்மையானது, வளையும், ஆனால் கூர் நில்லாது. பின்னர் அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி, உமி கலந்த களிமண்ணால் செய்த மூசையில் இடுவர். அதனோடு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு சில்லுகளாக்கி அளந்து இடுவர். மேலே எருக்கிலையோ ஒரு கொடியின் பச்சை இலையோ இரண்டொன்று வைத்து மூடிக் களிமண்ணால் வாயை அடைப்பர். இருபது இருபத்து நான்கு மூசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வளைவு போல் அடுக்கிக் கரி குவித்து, இரண்டரை மணி நேரம் துருத்தி ஓயாது ஊதுவர். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் உருக்குக் கட்டி கிடைக்கும். இவ்வளவுதான்!

ஆவாரங்கட்டை எதற்கு? அதுதான் நுட்பம். இரும்பு உருக்காவது கரிமத்தால். மூடிய மூசைக்குள் கட்டை கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறுகின்றது. தேனிரும்பில் மிகச் சிறிதே இருக்கும் கரிமம், நூற்றுக்கு ஒன்றரை என்னும் அளவுக்கு உயர்கின்றது. கரிமம் ஏற ஏற இரும்பு குறைந்த வெப்பத்திலேயே உருகும். எனவே துருத்தியும் அடுப்புக்கரியும் கொண்டே, ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டு வரை எவரும் தொழிலாகச் செய்திராததை நம் நாட்டார் செய்துவந்தனர்.

ஈண்டு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நான் முழங்கியதில் பாதியே உண்மை. இவ்வுருக்கு தமிழகத்தில் மட்டுமன்றிக் கன்னட நாட்டிலும், தெலுங்கு நாட்டிலும், இலங்கையிலும் செய்யப்பட்டது. தெலங்கானாவின் நிசாமாபாத் மாவட்டத்துக் கோனசமுத்திரத்தில் பாரசீக வணிகர் வந்து தங்கி, எடை பார்த்து வாங்கிச் சென்றதை ஹென்றி வாய்சி என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நேரில் கண்டெழுதினார். அங்ஙனம் சென்ற கட்டிகளே பாரசீகத்திலும் துருக்கியிலும் வாளாயின. அவ்வாள்களின் மேல் நீரலை போன்ற கோலம் ஓடும். அவற்றிற்கு மேனாட்டார் சிரியா நாட்டு நகரமான டமாஸ்கசின் பெயரை இட்டனர். எந்த வாள் எந்த ஊர்க் கட்டியிலிருந்து பிறந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. ஆகவே தென்னாட்டுக் கொல்லர் அனைவர்க்கும் உரிய பெருமையை நாம் மட்டும் மூட்டை கட்டிக்கொள்வது முறையன்று.

நிற்க. 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் இவ்வுருக்குக் கட்டிகள் சிலவற்றை இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதனை ஆராய்ந்து அச்சபையில் கட்டுரை படித்தார். அப்போது பிடித்தது மேனாட்டாரை ஒரு பித்து! இலண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர், பல்லாண்டு ஒப்பிட்டுப் பார்த்து ஐரோப்பாவின் நல்ல உருக்கினும் இந்திய உருக்கையே தாம் விரும்புவதாகத் தம் கடை விளம்பரச் சீட்டிலேயே அச்சிட்டார். அறுவை மருத்துவரின் கத்திகளும் சவரக் கத்திகளும் அதில் செய்து விற்றார். அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் மின்னியலில் பெரும் புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். 1819-இல் நம் உருக்கைப் பகுத்துப் பார்த்து, அதன் சிறப்பு வேறு சில பொருள்களின் கலப்பால் வந்ததென்று கருதினார். அது பிழை. பாரிசு நாணயச் சாலையைச் சேர்ந்த பிரெயான் என்பவர் 1820-களில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, மிகுதியான கரிமமே காரணம் என்று கண்டார். உருசியாவின் யூரல் மலைப் பகுதியில் அனோசோவ் என்பவர் நெடுங்காலம் முயன்று 1841-இல் நூலே எழுதினார்.

இத்தனை அறிஞர்கள் முயன்றும் பழைய வாளின் கோலத்தை அவ்வண்ணமே மீட்க ஒருவராலும் இயலவில்லை. ஐரோப்பியக் கொல்லர் பலர் கட்டியை அடித்து வாளாக்கவே இடர்ப்பட்டனர். தம் வழக்கப்படி வெண்சூடு ஏற்றி அடித்தனர். கட்டி பொரிகடலை போல் நொறுங்கிற்று. மங்கிய செஞ்சூட்டிலேயே பொறுமையாய் அடிக்க வேண்டிய பொருள் அது. புத்தகத்தில் இல்லாத இந்தப் பக்குவம் கையில் இருந்தது. அந்தக் கைகளோ கடல்களுக்கு அப்பால் இருந்தன.

சரி, இங்கிருந்த கைகள் என்னவாயின? இவ்விடத்தை நான் கனத்த மனத்தோடு எழுதுகின்றேன். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் தென்பாண்டிச் சீமையில் ஆயுதம் வைத்திருத்தல் தடை செய்யப்பட்டது. 1878-இன் ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் பூட்டுப் போட்டது. 1882-இன் சென்னை வனச் சட்டத்தால் காடு சர்க்காருடையதாயிற்று; கரி சுடக் கட்டை கிடைப்பது அரிதாயிற்று. ஹீத் பரங்கிப்பேட்டையில் 1830 அளவில் நிறுவிய பெரிய இரும்பு ஆலைக்கும் கரியே உணவு. காட்டைத் தின்று தின்றும் அவ்வாலை இலாபம் காணாமல் பின்னர் மூடுண்டது. எல்லாவற்றிற்கும் மேலாகச் சீமை இரும்பு மலிவாய் வந்து குவிந்தது. அதை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்றது எது? 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதன்முதல் ஓடிய நம் தென்னக இரயிலும், அதன்பின் நீண்ட பாதைகளுமே. எனக்குச் சோறு போடும் இருப்புப் பாதை ஏதோ ஒரு மூசைக் கொல்லனின் உலையை அணைத்திருக்கின்றது. எத்தனையோ முறை சரக்குச் சீட்டு எழுதிய நான் இதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

நாம் வாழும் இந்த ஜாம்ஷெட்பூரும் இக்கதைக்குப் புறம்பானதன்று. இங்கு 1912-இல் உருக்கு வார்க்கத் தொடங்குமுன்னரே, இந்தச் சோட்டா நாகபுரி மேட்டு நிலத்தில் அசுரர் என்னும் பழங்குடியினர் வழிவழியாய் இரும்பு உருக்கி வந்தனர். அவர்கள் தொழிலும் அவ்வாறே அருகிற்று. செய்தவர் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவரோ செய்தவன் பக்கத்தில் அமர்ந்து கேட்கவில்லை. வேல் வடித்துத் தருவது கொல்லன் கடமை என்று பாடிய பொன்முடியார் காலத்தில் அவனுக்குப் பாட்டிலாவது ஓரிடம் இருந்தது.

இழந்த வித்தையை மீட்டவர் வரலாறு விந்தையானது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்பவர் குதிரைகளுக்கு இலாடம் கட்டும் தொழிலாளி. கத்தி அடிப்பதில் தீராத ஆசை கொண்டவர். தம் சொந்தப் பட்டறையில் மூசை வைத்து, இரும்பு, கரி, கண்ணாடித் துண்டு, பச்சை இலை ஆகியவற்றை இட்டு உருக்கிப் பார்த்தார். ஆம், பச்சை இலையேதான்! அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் அவரோடு சேர்ந்தார். ஒருவர் அடித்தார், மற்றவர் நுண்பெருக்கியில் பார்த்தார். பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 1998-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: பழைய வாளின் அலைக்கோலத்திற்குக் கரிமம் மட்டும் போதாது, நூற்றில் ஒரு பங்கை மீண்டும் நூறு கூறிட்டால் வரும் ஒரு கூற்றிலும் குறைவான வனேடியம் போன்ற பொருள் அதில் இருக்க வேண்டும். அது இருந்தால், குறைந்த சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்கும்போது கரிமத் துகள்கள் வரிசை வரிசையாய் அணிவகுக்கின்றன. அவ்வரிசையே கோலம். குறிப்பிட்ட மலைகளின் கல்லில் இயல்பாகவே அது இருந்திருக்க வேண்டும் என்றும், அக்கல் தீர்ந்து வேறு கல் வந்தபோது, கொல்லன் அதே முறையில் செய்தும் கோலம் வராமற் போயிருக்கலாம் என்றும் அவர்கள் கருதினர். பென்ட்ரே 2017-இல் மறைந்தார். ஃபாரடே விட்ட இடத்தை எட்டியது ஒரு பேராசிரியரும் ஓர் இலாடக்காரரும் சேர்ந்து என்பதை நான் அந்தப் பையனிடம் ஓடிச் சென்று சொன்னேன். அவனுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது!

இனி அவன் உலையைப் பற்றிச் சில சொற்கள். வீட்டில் கத்தி அடிக்க விழையும் பிற இளைஞர்க்கும் அவை பயன்படலாம்.

முதற் கத்திக்கு அவன் பழைய இரும்புக் கடையிலிருந்து தண்டவாள ஆணி ஒன்றை வாங்கி வந்தான். அதைக் கண்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. 1966-இன் இரயில்வே சொத்துச் சட்டம் அவனுக்கு எங்கே தெரியும்? வழி தெரியாமல் வந்த தண்டவாளப் பொருளைக் கையில் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று சொல்லி, அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்தேன். அன்றியும் அந்த ஆணியில் கரிமம் குறைவு. அடிக்க எளிது, கூர் நிற்காது. இரண்டாம் முறை ரசீதோடு வாங்கிய லாரி வில்பட்டைத் துண்டு. நல்ல தேர்வு. நம் ஊர்ப் பக்கத்து அரிவாள் கொல்லரும் அதையே விரும்புவர். மூன்று ஞாயிறு அடித்து வடிவம் கொண்டுவந்தான். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினான். 'டிக்' என்று ஓர் ஓசை. எடுத்துப் பார்த்தால் குறுக்கே மயிரிழைப் பிளவு. பையன் முகம் வாடியதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் கத்திக்கு நானும் ஊதுகோல் பிடித்தேன். தோய்ச்சலில்தான் எல்லாம் இருக்கிறது. காய்ந்த இரும்பருகே காந்தத்தைக் காட்டினால், ஏறத்தாழ 770 பாகை வெப்பத்தில் அது ஒட்டாது போகும். அதற்குச் சற்று மேலே ஏற்றி, இளஞ்சூடான சமையல் எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். அப்போது அலகு கண்ணாடி போல் கடினமாகும். கீழே விழுந்தால் உடையும். ஆகவே மறுபடியும் 200 பாகை அளவில் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்து வைக்கோல் நிறம் காட்டும்வரை பதப்படுத்த வேண்டும். கரி உலையை மூடிய அறையில் மூட்டுதல் உயிருக்கே ஆபத்து. துத்தநாகம் பூசிய தகட்டையோ குழாயையோ நெருப்பில் இடவே கூடாது, அப்புகை நஞ்சு. கண்ணாடி அணியாமல் சாணை பிடித்தலும் ஆகாது. சட்டத்தையும் மறவற்க. ஆயுத விதிகள் 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள கூரலகுகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் உரிய கருவிகளுக்கு விலக்கு உண்டு. வாள் ஆசை விட்டுக் காய்கறிக் கத்தியோடு தொடங்குவதே நன்று. ஆசிரியர் துணையின்றி மூசையில் உருக்கு வார்க்க முயல்வதோ அறவே வேண்டாம்.

அந்த மூன்றாம் கத்தி பிளக்கவில்லை. ஆறங்குல அலகு, பிடி கருவேல மரம். இவ்வாண்டு விழாச் சமையலுக்கு நம் மகளிர் அதனால்தான் பூசணிக்காய் நறுக்கினர். முறையிடச் சென்ற நால்வரில் இருவர் தத்தம் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டிருக்கின்றனர். மற்றவருக்கு இன்னும் புகையின்மீது கோபம் தணியவில்லை. அதில் நியாயமும் உண்டு. உலையை இப்போது மைதானத்தின் கோடிக்கு மாற்றியாயிற்று.

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மேற்பார்வையில், அங்குள்ள ஆய்வுக்கூட உலையில், புக்கானனும் ஹீத்தும் எழுதியவாறே ஒரு மூசை வார்த்துப் பார்க்கப் பையன் இசைவு பெற்றுவிட்டான். அவனுக்காக, கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்புகையில் ஒரு கட்டு ஆவாரங்கட்டை கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறேன். எருக்கு இங்கேயே, எங்கள் கூட்ஸ் யார்டின் ஓரத்தில் வளர்ந்து நிற்கின்றது.